ஜெஸிமாவுக்கு மூணு மார்க்

கலைமதி வாயில் வந்த ஒரே ஒரு சொல் வகுப்பைக் கவிழ்த்துவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பு அது. சுற்றியிருப்பவர்கள் தரும் ஆதரவில் பிள்ளைகளுக்கு எவ்வளவு திருப்தி என்று அளப்பதுதான் அவளுடைய எம்.எஸ்ஸி. ஆய்வு. கூட்டத்தைக் கண்டால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பேசுவதற்குத் தோழி மலர்க்கொடி வருவதாக இருந்தது. அவளோ காலையில் மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் புடவை எடுக்கப் போய்விட்டாள். பள்ளி தந்தது இந்த ஒரு பீரியட்தான். உண்மையான பதில் கிடைக்காவிட்டால் ஆய்வு அம்போ.

"பேர் எழுத வேணாம். கஷ்டம்னா உங்க க்ளோஸ் ஃப்ரெண்ட் எவ்ளோ துணையா இருக்காங்க? அஞ்சுக்கு மார்க் போடுங்க," என்றாள் பாதிக் குரலில்.

மார்க்! அன்று காலைதான் கணக்குப் பேப்பர் கொடுத்திருந்தார்கள். அரை மார்க்குக்கு சாரிடம் மன்றாடிய சூடு இன்னும் ஆறவில்லை.

"ஏய் ஜென்சி, எனக்கு மூணுதானா?" ஜெஸிமா பக்கத்துத் தாளைப் பிடுங்கினாள்.

"நேத்து என் எலுமிச்சை சாதத்த யாருடி காலி பண்ணது?"

"அதுக்கு ரெண்டு மார்க் கட்டா? நான் உனக்கு அஞ்சு போட்டிருக்கேன்டி!"

"சரி, மூணரை."

"நாளைக்கு எங்க வீட்ல பிரியாணி."

"நாலரை!"

பின்வரிசையிலிருந்து அயான் கத்தினான்: "அக்கா, ஜோஸ்வின் ரீடோட்டல் கேக்குறான்!"

கலைமதிக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. அதை அடக்கப் போய், அடைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது.

"எல்லாரும் பேப்பரைக் கிழிங்க!"

கிழிக்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை. அடுத்த நொடி விசில் பறந்தது, காகிதமும் பறந்தது.

பையில் இன்னொரு கட்டுக் கேள்வித்தாள் இருந்தது. மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு திசையில் உட்கார வைத்தாள்.

"மார்க் கிடையாது. மனசுல பட்ட நம்பருக்கு வட்டம் போடுங்க. யாருக்கும் காட்டாதீங்க."

ஜென்சி பேனாவைக் கடித்தபடி தூரத்திலிருந்த ஜெஸிமாவின் முதுகைப் பார்த்தாள். தனக்குள் சிரித்தாள். வட்டம் போட்டுத் தாளை மடித்தாள். கடைசித் தாள் பைக்குள் விழவும் மணி அடித்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் கலைமதி போனை எடுத்தாள்.

"மலரு, உனக்கு அஞ்சுக்கு நாலு."

"எதுல?"

"ஃப்ரெண்டா இருக்குறதுல."

"ஏண்டி, ஒண்ணு எங்க போச்சு?"

"மலைக்கோட்டைக்குப் போச்சு."

"அடியே, உனக்கும் ஒரு சுடிதார் எடுத்திருக்கேன்டி!"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கலைமதி கத்தினாள்: "சரி, நாலரை!"