ராமையா அண்ணனைப் பற்றி டச்சில் சொன்னது

என் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. டச்சு மொழியில் ஓர் எழுத்து இருக்கிறது. காறித் துப்பப் போனவன் கடைசி நொடியில் மனம் மாறியது போன்ற சத்தம். துபாயில் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் மூன்றாவது மாடி ரூமில், மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு எட்டு மாதமாக அதைத்தான் பழகிக்கொண்டிருந்தேன். முதல் வாரமே கீழ்க்கட்டில் ராமையா அண்ணன் கோடாலித் தைலத்தை மேலே நீட்டிவிட்டார்.

“நெஞ்சுல தடவிட்டுப் படுப்பே. சளிய வச்சுக்கிட்டு இருக்காத.”

“சளி இல்லண்ணே. பாடம்.”

“பாடம் படிச்சா இருமுவாகளா?” என்றவர், நான் தடவும்வரை விடவில்லை.

என் பெயர் பாலகுரு. சொந்த ஊர் கமுதிப் பக்கம். பிடிக்காத அதிகாரியைத் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று மிரட்டுவார்களே, அந்தக் காட்டில் பிறந்தவன். சிவில் படித்துவிட்டு துபாய்க்கு வந்து ஆறு வருடமாக சைட் சூப்பர்வைசர் வேலை. என்ன திமிரோ தெரியவில்லை, தண்ணீர் மிஞ்சிப்போன நாட்டில் தண்ணீர் மேலாண்மை படிக்க விண்ணப்பம் போட்டேன். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் சீட்டும் கிடைத்துவிட்டது.

சீட்டு கிடைத்தது, தங்க அறை கிடைக்கவில்லை. ஆகஸ்ட் முதல் தேதிக்குள் தங்குமிடம் முடிவாகாதவர்கள் புறப்பட்டு வர வேண்டாம் என்று பல்கலைக்கழகம் கடிதம் போட்டது. நானோ வேலையை விடுவதாகப் பேப்பர் போட்டுவிட்டேன். ஆகஸ்ட் முதல் வாரமே துபாய் விசாவும் கேன்சலாகிவிடும். அறை கிடைத்தால் டெல்ஃப்ட், கிடைக்காவிட்டால் கமுதி. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை.

அங்கே மாணவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறார்கள். ஓர் அறை காலியானால், இருக்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து வருகிறவனைக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பெண் பார்க்கிற மாதிரிதான், பஜ்ஜி மட்டும் கிடையாது. பாதி விளம்பரங்களில் ‘வெளிநாட்டவர் வேண்டாம்’ என்றே போட்டிருந்தது. டச்சு தெரிந்தால் கதவு கொஞ்சம் திறக்கும் என்று ஒரு சீனியர் சொன்னான். அதற்காகத்தான் இந்தக் காறல்.

ஆன்லைன் வகுப்பில் மொழியோடு பழக்கவழக்கமும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறந்தநாள் என்றால் பிறந்தவனுக்கு மட்டுமல்ல, அவன் மாமியார்வரைக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். காபியோடு ஒரு பிஸ்கட்தான் எடுக்க வேண்டும். நண்பனைப் பார்க்க மூன்று வாரம் முன்னதாகத் தேதி வாங்க வேண்டும். எங்கள் ரூமுக்குக் கதவைத் தட்டிவிட்டு வந்தவன் இன்னும் பிறக்கவில்லை. இருந்தும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள் என்று ஒரு பாடம் இருந்தது. அதைப் படித்தேன், அடிக்கோடும் போட்டேன், ஆனால் நம்பவில்லை.

அதனால்தான் முதல் வீட்டின் வீடியோ நேர்காணலில் தோற்றேன்.

“ராத்திரி சத்தமாகப் பாட்டு வைத்தால்?” என்று கேட்டார்கள். பிரச்சினை இல்லை என்றேன். “பாத்திரம் கழுவாமல் போட்டால்?” பிரச்சினை இல்லை. “உன் சாப்பாட்டை வேறொருவர் எடுத்துத் தின்றுவிட்டால்?” பிரச்சினையே இல்லை, இன்னும் கொஞ்சம் போடுவேன். என்ன அருமையான பதில்கள்! வளைகுடாவில் வேலைக்கு நேர்காணல் கொடுத்தவனுக்கு வேறு பதில் தெரியாது. உயரத்தில் ஏறுவாயா, நோ ப்ராப்ளம். நைட் டூட்டி, நோ ப்ராப்ளம். ஐம்பது டிகிரி வெயில், அதையே அரபியில், மாஃபி முஷ்கிலா. ப்ராப்ளம் என்று சொன்னவன் அன்றைக்கே ஊருக்கு ஃப்ளைட் ஏற வேண்டியதுதான்.

மறுநாள் செய்தி வந்தது: ‘நீ ரொம்ப நல்லவன். ஆனால் ஒரு மணி நேரம் பேசியும் நீ யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.’ இரண்டாவது வீடும் ஏறக்குறைய இதையே அனுப்பியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டுப் பேர் ஓர் அறையில் ஆறு வருடம் குப்பை கொட்டியவனுக்கு, சேர்ந்து வாழத் தெரியவில்லையாம்!

மூன்றாவது வீடு ஜூலை கடைசி ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு. அதுதான் கடைசி. அன்று காலையிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. காரிடாரில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன்.  போனை எடுத்தேன், வைத்தேன், சார்ஜ் தொண்ணூற்றெட்டு இருந்தும் சார்ஜரில் போட்டேன்.

ராமையா அண்ணனும் அன்றைக்கு நிலைகொள்ளாமல்தான் இருந்தார். அவர் மகள் சங்கீதாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். எந்தக் காலேஜ் என்று அன்று சாயங்காலம் தெரிந்துவிடும். காலேஜ் பட்டியலை வரிசைப்படுத்திக் கொடுத்ததே நான்தான். இருந்தாலும் என் நேர்காணலுக்கு அவர்தான் ஓடினார். ஜன்னலோரம் சிக்னல் நன்றாக வரும் என்று தன் கட்டிலைக் கொடுத்தார். கொடியில் கிடந்த கைலிகளை உருவினார். எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டு, யாரும் உள்ளே வராதபடி கதவோரம் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். யாருக்காகவோ அயர்ன் பண்ணின சட்டை வேறு போட்டிருந்தார்.

திரையில் நான்கு பேர். ஃபெம்கே என்ற பெண்தான் பேசினாள். முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“கூட இருப்பவர்கள் செய்வதில் உனக்கு எது எரிச்சல் தரும்?”

எதுவுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கதவோரம் போன் அடித்தது. அண்ணன் பதறி அமுக்கியதில் அது ஸ்பீக்கரில் எடுத்துக்கொண்டது.

“ஏங்க, கேக்குதா? இன்னும் ஒண்ணும் வரலைங்க!” என்று அவர் மனைவி பஞ்சவர்ணத்தின் குரல் ரூமை நிறைத்தது. அண்ணன் தட்டுத்தடுமாறிக் கட் பண்ணினார்.

“இதுதான்,” என்றேன் நான். டச்சில்தான் சொன்னேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

“எது?”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. “ராமையா என்று ஒருவர். என் கீழ்க்கட்டில். தினமும் ஏழு மணிக்கு மனைவியோடு ஸ்பீக்கரில் பேசுவார். ஒரு மணி நேரம். அவர்கள் வீட்டு ஆடு குட்டி போட்டதுகூட எனக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டுவார். கருவாடு வறுப்பார், என் சர்டிஃபிகேட்டிலும் கருவாட்டு வாசம். நான் தூங்கியதும் ‘தூங்கிட்டியா?’ என்று எழுப்பிக் கேட்பார்.”

நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் டச்சு அவ்வளவு சரளமாக வந்ததே இல்லை.

“இதையெல்லாம் ராமையாவிடம் சொன்னாயா?” என்றாள் ஃபெம்கே.

“இல்லை.”

“எத்தனை வருடமாக?”

“ஆறு.”

அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். “ஏன் சொல்லவில்லை?” என்று பின்னால் இருந்த நெட்டையன் கேட்டான். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்.  

“உங்களிடம் சொல்வேன்,” என்றேன்.

அதற்குள், தன் பெயரை இரண்டு தடவை கேட்டுவிட்ட அண்ணன், கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். கேமராவைப் பார்த்துக் கை ஆட்டினார்.

“ஹலோ சார், ஹலோ மேடம். மை தம்பி. வெரி குட் பாய். சிக்ஸ் இயர், நோ ப்ராப்ளம்!”

ஃபெம்கே முகம் மலர்ந்தாள். “நீங்கள்தான் ராமையாவா? உங்கள் போன் சத்தம் தாங்க முடியவில்லை என்று சொல்கிறாரே!” என்றாள், எல்லோருக்கும் புரியும் சின்னச் சின்ன இங்கிலீஷில். கிண்டல் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. போனைக் காதில் வைப்பது போலக் காட்டி, இரண்டு காதையும் பொத்திக் காட்டினாள். நான் அடிக்கோடிட்ட பாடம் நேரில் வந்து நின்றது.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்துத் தலையாட்டினார். “போன்? ஓகே மேடம். நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்,” என்றபடி வாளிக்கே திரும்பிப் போனார். எனக்குக் கூசிப்போனது.

ஒரு மணி நேரத்தில் செய்தி வந்தது: ‘இப்போது நீ யார் என்று தெரியும். அறை உனக்குத்தான்.’ எவ்வளவோ கனவு கண்ட வரி. படித்துவிட்டு அண்ணனிடம் காட்டினேன்.

“கெடச்சிருச்சா? நல்லாருப்பே,” என்றார். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். திரும்பிப் போனவர் நின்றார். “ஆறு வருசமா ஒரே கட்டில்ல மேலயும் கீழயும் படுத்துக் கெடக்கோம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? முன்னபின்ன தெரியாதவுகள்ட்டப் போயி சொல்ற.”

நான் வாயைத் திறப்பதற்குள் கருவாட்டுப் பையை எடுத்து இரண்டு கவர் போட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. அண்ணன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். ரூமில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. எதிர்க்கட்டில் சேதுராமன் தலையைத் தூக்கி, “என்னடா, பஞ்சவர்ணம் சத்தத்தையே காணோம்?” என்றான். என் யோசனையெல்லாம் வேறு. சங்கீதாவுக்குச் சீட்டு வந்ததா, முதலில் போட்ட காலேஜா, நாலாவதா? கட்டிலில் ஏறினேன், இறங்கினேன். பொறுக்க முடியவில்லை.

மாடிப்படியில் அனல் அடித்தது. சட்டை முதுகோடு ஒட்ட, போனைக் காதில் அழுத்திக்கொண்டு அண்ணன் ரகசியம் பேசுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

“சீட்டு வந்திருச்சாண்ணே?”

போனைக் கையால் மூடினார். “வந்திருச்சு,” என்றார். அவ்வளவுதான். மறுபடி காதில் வைத்துக்கொண்டார். எந்தக் காலேஜ் என்று சொல்லவில்லை. என்னைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“அண்ணே, எனக்கு ஒரு ப்ராப்ளம் இருக்கு,” என்றேன்.  “நீங்க இப்பிடிக் காதுல வச்சுப் பேசுறது எனக்குப் புடிக்கல. ஸ்பீக்கர்ல போடுங்க.”

அண்ணன் போனை இறக்கி, “பஞ்சவர்ணம், இந்தா, தம்பியும் கேக்கணுமாம்,” என்று ஸ்பீக்கரை அமுக்கினார்.

“எந்தத் தம்பி?” என்றது அந்தப் பழைய குரல், மாடிப்படி அதிர. “தூங்கையில நறநறன்னு பல்லக் கடிக்கும், உங்களுக்குத் தூக்கமே இல்லன்னு சொல்வீகளே, அது நைட் டூட்டிக்குப் போனாத்தான் நிம்மதின்னு, அந்தத் தம்பியா?”

அண்ணன் போனைப் பொத்தப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆறு வருசம்ணே,” என்றேன். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?”

அண்ணன் படியில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் உட்கார்ந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தேன். “அந்தத் தம்பிதான் மயினி. எந்தக் காலேஜு?”