வெள்ளைப் பட்டைச் சிலுவை

போர் ஓய்ந்த மூன்றாம் ஆண்டின் இளவேனில் அது. லான் ஆற்றின் இரு கரையிலும் செரி மரங்கள் பூச்சொரிய, கோவில் மணியோசை நீர்மேல் தவழ்ந்து மலைச்சரிவில் அடங்க, ஞாயிறு வழிபாடு முடித்த ஆடவர் மார்பில் போர்ப் பதக்கமான இரும்புச் சிலுவை துலங்க வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். பொன்னைப் போருக்கு ஈந்துவிட்டு இரும்பையே அணியாகப் பூண்ட நூறாண்டுக்கு முந்தைய காலத்தில் பிறந்த சிலுவை அது. அன்று துலங்கியவற்றுள் ஒன்றை மட்டும் ஐயத்தோடு நோக்கினாள், சான்றீர், கைம்பெண் வால்பர்கா.

அவள் கணவன் எக்பெர்ட்டின் சிலுவை கணப்புக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துள் தொங்கியது. ஊரார் சிலுவைகளெல்லாம் கறுப்புப் பட்டையில் தொங்க, அவனுடையது மட்டும் கறுப்புக் கோடிட்ட வெள்ளைப் பட்டை. அவன் ஆற்றிய செயல் பெரிது, ஆதலால் நிறமும் வேறு என்று எவரும் சொல்லாமலே அவளாக முடிவு கட்டிப் பெருமையில் மிதந்தாள். நான்கு திங்களுக்கு முன் வந்து கடிகாரக் கடை வைத்த கூனோ, எக்பெர்ட் உயிர்விட்ட பதுங்குகுழியில் தானும் இருந்ததாகச் சொன்னான். அவளை மணக்கவும் கேட்டான். அவன் பட்டையோ கறுப்பு. ஒரே அடுப்பில் வெந்த ரொட்டிக்கு இரு நிறம் வருமா? வரும் ஞாயிறன்று அவள் மறுமொழி சொல்லவேண்டும். பொய்யனுக்கு வாழ்க்கைப்பட அவளுக்கு அச்சமாக இருந்தது.

மறுநாள் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அடல்கைட்டின் பட்டை நாடாக் கடைக்குப் போனாள்.

“இதே பட்டை ஒரு முழம் குடுங்க. அந்தக் கூனோ போட்டிருக்கிறது போலின்னு நாலு பேர் முன்னாடி காட்டணும்.”

அடல்கைட் அளவுகோலைக் கீழே வைத்தாள். “வேணாம்மா. அவரோடது சரிதான். முன்வரிசையில நின்னு சுட்டவங்களுக்குத்தான் கறுப்பு. பின்னாடி சமையல், சரக்குன்னு இருந்தவங்களுக்கு வெள்ளை.”

“இது ஊருக்கே தெரியுமா?”

“இங்க படைக்குப் போகாத ஆம்பளை யாரும்மா?”

வால்பர்கா நேரே கூனோவின் கடைக்குள் நுழைந்தாள். “எங்க செத்தாரு? உண்மையைச் சொல்லுங்க.”

“மருத்துவக் கொட்டகையில. எனக்குத் தொடையில குண்டு. பக்கத்துக் கட்டில்ல அவரு, காய்ச்சலோட. படைக்கு ரொட்டி சுட்டவரு. நல்லா சுடுவாரு.”

“பதுங்குகுழின்னீங்களே?”

“நான் உங்க வீட்டுக்கு வந்ததும் சட்டத்தைக் காட்டி, பதுங்குகுழியில எதிரி மேல பாய்ஞ்சு செத்தாருன்னு நீங்கதான் சொன்னீங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு நாக்கு எழல.”

கணவன் எழுதிய மடல்களை நினைத்துப் பார்த்தாள். பனியும் பசியும் இருந்தன, பாய்ச்சல் எங்குமில்லை. எக்பெர்ட் பொய் சொல்லவில்லை, சொன்னவள் அவளே. சட்டத்தைக் கண்டு தொப்பி கழற்றிய ஊரார் வணங்கினார்களா, இரங்கினார்களா, வாய்க்குள் சிரித்தார்களா? நினைக்க நினைக்க அவளுக்கு உடல் கூசியது.

“ஞாயித்துக்கிழமை வாங்க,” என்றாள். “மார்புல எதையும் குத்திக்கிட்டு வராதீங்க.”

அவ்வாறே வந்தான். அவளும் மணத்துக்கு இசைந்தாள். ஆயினும், பிறர்மேல் ஏவிய ஐயம் வீடு திரும்பினால் எளிதில் வெளியேறுவதில்லை. இனி இரக்கத்தால் இவர் எத்தனை பொய் சொல்வாரோ என்று அஞ்சியவாறு, அவள் கண்கள் சிலுவையற்ற அந்த மார்பையே நோக்கி நின்றன.