இலை உதிராத பூங்கா

சுரங்கக் கம்பெனிக் குடியிருப்பில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து முடித்ததும் கலியம்மாள் உடனே மந்தாரக்குப்பத்தில் உள்ள வீட்டுக்குத் திரும்பிவிட மாட்டாள். அந்த பிளாக்கின் பூங்காவுக்குள் போய் ஒரு புங்க மரத்தடியில் முந்தானையை விரித்துப் படுப்பாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்து போவாள்.

அவளுக்கு இழுப்பு நோய். அவள் வாடகைக்கு இருந்த வீடு லாரிகள் ஓடும் சாலையை ஒட்டி இருந்தது. கதவைச் சாத்தி வைத்தாலும் சோற்றுத் தட்டில் தூசி படியும். இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். அவள் வேலை செய்யும் வீடுகளில் ஒன்று விஜயலட்சுமியுடையது. ஒருநாள் அவள்தான் கலியம்மாளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டு, “தூசியும் புகையும் உங்களுக்கு ஆகாது. முடிஞ்சவரைக்கும் மரம் செடி இருக்கிற இடமாப் பார்த்து இருங்க” என்றார்.

வெளியே வந்ததும் கலியம்மாள் சிரித்தாள். “மரம் இருக்கிற எடத்துக்கு நான் எங்கம்மா போறது? எனக்கு யாரு குவார்ட்டர்ஸ் அலாட் பண்ணி வச்சிருக்காங்க?”

விஜயலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணவர் மாடசாமியின் வேலைக்காக இங்கே வந்தவள் அவள். குவார்ட்டர்ஸ் மரங்களின் நிழலில்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். அந்த நிழலுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்கு அவள்தான் பூங்காவைக் கலியம்மாளுக்குக் காட்டினாள். சில வாரங்களில் கலியம்மாளின் முகம் தெளிந்தது. “அங்க படுத்தா நெஞ்சுக்குள்ள கத்திகினு இருக்கிற பூனை தூங்கிடுதும்மா” என்றாள்.

ஒரு திங்கட்கிழமை பூங்காவின் கேட்டில் சங்கிலியும் பூட்டும் தொங்கின. ‘பிளாக் குடியிருப்போருக்கு மட்டும்’ என்று புதிய பலகை. பக்கத்தில் நின்று அது கோணாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜேந்திரன்.

“என்ன சார் இது?” என்றாள் விஜயலட்சுமி.

“ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு மேடம். எல்லா பிளாக் சங்கமும் சேர்ந்து நடத்துறோம். பசுமையான பிளாக் எதுன்னு ஜட்ஜஸ் வந்து பார்ப்பாங்க. கண்டவங்க வந்து படுத்துக் கிடந்தா மார்க்கைக் குறைச்சிடுவாங்க.”

“கண்டவங்க இல்லையே சார். உங்க வீட்டுப் பாத்திரத்தையும் கலியம்மாதானே தேய்க்கிறா?”

“அது வேலை மேடம். இது பார்க்.”

அந்தச் சொற்கள் விஜயலட்சுமியை வீடுவரை துரத்திக்கொண்டு வந்தன. விளக்கேற்றி உட்கார்ந்தாள். மனம் நிற்கவில்லை. இந்த மரங்களை ராஜேந்திரன் நட்டாரா? அவள்தான் நட்டாளா? ஊர் ஊராக வந்த எத்தனையோ பேர் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. காற்றைப் படைத்தவன் அதைப் பெர்மனன்ட் ஆட்களுக்கு ஒன்று, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்று என்றா பிரித்து வைத்தான்? சாமி படத்தின் முன்னால் இப்படிக் கோபத்தோடு உட்காரலாமா என்று ஒரு கணம் கூசினாள். பிறகு, இந்தக் கோபத்தை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அங்கேயே வைத்தாள்.

மறுநாள் கலியம்மாளிடம், “நம்ம வீட்டுப் பின்னால மாமரம் இருக்குல்லா, அங்க படுத்துக்கோ” என்றாள்.

கலியம்மாள் தயங்கினாள். “வேணாம்மா. கோச்சிக்காதீங்க.”

“ஏன்?”

“உங்க வூட்ல படுத்தா, ஐயா செருப்புச் சத்தம் கேட்டா எழுந்துக்கணும். நீங்க காப்பி போட்டா டம்ளரைக் கழுவத் தோணும். பார்க்குல நான் வேலைக்காரி இல்லீங்க. படுத்திருக்கிற ஒரு பொம்பள, அவ்ளோதான்.”

விஜயலட்சுமிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஆனால் அது நியாயம் என்றும் பட்டது.

மாடசாமி செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “ரிட்டயர் ஆக ஒரு வருஷம் கிடக்கு விஜயா. சங்கத்தோட சண்டை எதுக்கு?” என்றார்.

“சண்டை போடலையே. கேட்கப்போறேன்.”

“நீ கேட்டாலே அது சண்டை மாதிரித்தான் இருக்கும்.”

அவள் ராஜேந்திரனிடம் இரண்டு முறை கேட்டாள். போட்டி முடியட்டும் என்றார். முடிந்ததும் திறப்பீர்களா என்றதற்கு, கமிட்டியில் பேசி முடிவெடுப்போம் என்றார். அந்த வாரம் முழுக்க கலியம்மாள் வேலை முடிந்ததும் சாலையோர வீட்டுக்கே போனாள். வியாழக்கிழமை துணியைப் பிழியும்போது பாதியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவளுடைய மூச்சு, அவள் வருவதற்கு முன்னாலேயே வாசலில் கேட்டது.

ஞாயிறு காலை பூங்காவில் ஓர் இலைகூடத் தரையில் கிடக்கக் கூடாது என்று உத்தரவு. பெருக்க வந்தவர்கள் விடியும் முன்பே தொடங்கி, அத்தனை சருகையும் கூட்டிச் சுவருக்குப் பின்னால் உள்ள சந்தில் குவித்தார்கள். ஜட்ஜுகளின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக அதற்குத் தீ வைக்கச் சொன்னார் ராஜேந்திரன். பனியில் நனைந்த சருகு. எரியாமல் புகைந்தது. வெள்ளைப் புகை எழும்ப மாட்டாமல் சந்துக்குள்ளேயே தேங்கியது.

ஜட்ஜுகளுக்குப் போண்டா போட வேண்டும் என்று ராஜேந்திரனின் மனைவி திலகவதி கலியம்மாளை அன்று சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள். அவள் எப்போதும் வருகிற வழி அந்தச் சந்துதான்.

கோலம் போட்டுக்கொண்டிருந்த விஜயலட்சுமி இருமல் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். புகைக்குள்ளிருந்து சுவரைத் தடவிக்கொண்டே வந்த கலியம்மாள், பூங்கா கேட்டருகே வந்ததும் முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். உதடு கறுத்திருந்தது. இன்ஹேலரை எடுக்கக்கூட விரல் வரவில்லை. விஜயலட்சுமி ஓடிப்போய் அவள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அதை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். புகை தெருவுக்கும் வந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு உள்ளே, மரங்களுக்கு நடுவில் மட்டும் காற்று தெளிவாக இருந்தது.

“சாவி!” என்று கத்தினாள். அந்தத் தெருவில் அவள் குரலை இவ்வளவு உரக்க யாரும் கேட்டதில்லை.

வெள்ளைச் சட்டையில் ராஜேந்திரன் ஓடி வந்தார். பின்னாலேயே கையில் கடலைமாவோடு திலகவதி.

“மேடம், உங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாமே. ஜட்ஜஸ் வர்ற நேரம்…”

“அதுவரைக்கும் இவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா? மரம் வேணும், ஆனா மரம் உதிர்க்கிற இலை வேண்டாம். வேலை செய்ய ஆள் வேணும், ஆனா அந்த ஆள் மூச்சு விடக் கூடாது. எதுக்கு சார் உங்களுக்குப் பரிசு? யாருக்கு நல்லது பண்ணுது உங்க பசுமை?”

ராஜேந்திரன் வாயைத் திறந்தார். அதற்குள் திலகவதி மாவுக் கையை அவர் சட்டைப் பைக்குள் விட்டுச் சாவியை எடுத்துவிட்டாள். வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக அப்பிக்கொண்டது. பூட்டைத் திறந்தாள். இரண்டு பெண்களும் கலியம்மாளைத் தாங்கிப் பிடித்துப் புங்க மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். மாடசாமி குடத்தோடு சந்துக்கு ஓடி நெருப்பில் தண்ணீர் ஊற்றுவதை விஜயலட்சுமி அங்கிருந்தே பார்த்தாள். ஊற்றிவிட்டு, மறுபடி குடத்தை நிரப்ப அவரே குழாய்க்கு ஓடினார்.

ஜட்ஜுகள் வந்தபோது கரித்தண்ணீர் சந்திலிருந்து பூங்கா வாசல்வரை ஓடிக் கிடந்தது. மூன்று பேரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். மரத்தடியில் படுத்திருந்தவளைப் பார்த்து ஒருவர், “யார் இவங்க?” என்று கேட்டார். “வெளியாளுங்க” என்றார் ராஜேந்திரன். கேட்டவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

பரிசு வேறொரு பிளாக்குக்குப் போனது. ‘ஒரு சிலரின் ஒத்துழையாமையால்’ என்று வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதினார் ராஜேந்திரன். பலர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். விஜயலட்சுமியின் கோபம் தணியவில்லை. ஒருத்தி மூச்சு விடுவதற்கு இன்னொருத்தி சாவிக்காகக் கத்த வேண்டியிருந்தது என்பதை அவளால் சாமி படத்தின் முன்னால்கூட மன்னிக்க முடியவில்லை. ஆனால் அந்த மாவுக் கையை நினைக்கும்போது மட்டும் மனம் கொஞ்சம் இளகியது.

அந்த ஞாயிறு காலை, ஜட்ஜுகள் போன பிறகும் மூன்று பெண்களும் மரத்தடியில்தான் இருந்தார்கள். கலியம்மாளின் நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கியது. கண்ணைத் திறந்து முதலில் திலகவதியைத்தான் பார்த்தாள்.

“போண்டா?”

“நாசமாப் போச்சு. நீ படு.”

கலியம்மாள் மேலே இலைகளைப் பார்த்தாள். பிறகு யாரிடம் கேட்பது என்று தெரியாதவள்போல், “நாளைக்கி பூட்டிடுவாங்களாம்மா?” என்றாள்.

விஜயலட்சுமி திலகவதியைப் பார்த்தாள். திலகவதி எழுந்து கேட்டருகே போனாள். தொங்கிக்கொண்டிருந்த பூட்டைக் கழற்றி, சங்கிலியை உருவிச் சுருட்டி இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டைப் பார்த்து நடந்தவள் பாதி வழியில் திரும்பி, “அவர் கேட்டா என்கிட்ட கேட்கட்டும்” என்றாள்.