இடது முழங்கால்

கால் தேறப் பன்னிரண்டு மாதம் என்றார் டாக்டர். பழக்கதோசத்தில் நான், "எட்டு?" என்று கேட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணம் பெரியகடையில் துணிக்கடைக்காரரின் கூச்சலுக்குள் வளர்ந்தவன் நான். ஜெர்மனியில், வுப்பர்டாலில் மரக்கறிக்கடை போட்டு இருபத்திரண்டு வருடம். முதலில் சொல்லுகிற கணக்கைக் கடைசிக் கணக்காக ஒருநாளும் எடுத்ததில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ வாய்க்குள் சொல்லி, திரையைத் திருப்பி, சாம்பல் நிறப் படத்தில் ஓரிடத்தைப் பேனையால் தொட்டார்.

"அப்பா, கதைக்காதேங்கோ," என்றான் வினோஜன்.

நூற்று நாற்பத்தொரு கிலோ என் மகன். கட்டிலில் அவன் கிடக்கவில்லை. கட்டில் அவனுக்குக் கீழே கிடந்தது. ஸ்டுட்கார்ட் அணியொன்றில் ஆறு வருடமாக அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறான். அதுதான் சம்பளம், அதுதான் சீவியம். கடைக்கு வருகிற சனம், "எத்தனை கோல் அடிச்சவர்?" என்று கேட்கும். பந்தையே தொடாதவன் என்று எப்படிச் சொல்ல? பந்தை எறிகிறவன் இவனுக்குப் பின்னால் நிற்பான். அவனை விழுத்த ஓடிவருகிற தடியன்களை இவன் நெஞ்சால் மறிப்பான். பின்னால் நிற்பவனில் ஒரு விரலும் படக்கூடாது. அவ்வளவுதான் வேலை. சரியாகச் செய்தால் ஒருவரும் இவனைப் பார்க்கமாட்டார்கள்.

நான்கு கிழமைக்கு முன் தொலைபேசியில், "முழங்கால் ஒரு மாதிரிக் கிடக்கு, கோச்சிட்டச் சொல்லவோ?" என்று கேட்டான். அடுத்த வருட ஒப்பந்தம் அப்போதுதான் பேச்சில் இருந்தது.

"விசரா உனக்கு?" என்றேன். "முதல்ல கையெழுத்து வைக்கட்டும். பூசணிக்காய் அடுக்கேக்க அடிபட்ட பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தானே வைக்கிறம்?"

"உங்களுக்கு நானும் பூசணிக்காயும் ஒண்டு," என்று சிரித்தான். ஒருவரிடமும் சொல்லாமல் விளையாடினான். நேற்று, ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில், அவனைத் தூக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

டாக்டரம்மா பேனையை நகர்த்தினார். "இந்தக் கிழிவு நேற்றையது. இது பழையது, மூன்று நான்கு கிழமை இருக்கும். அப்போதே வந்திருந்தால் ஓய்வு மட்டும் போதுமாக இருந்திருக்கும்." பிறகு, "வீட்டில் ஒருவருக்கும் தெரியாதா?" என்று கேட்டபடி என் பக்கம் திரும்பினார்.

வினோஜன் முழங்கையை ஊன்றி எழும்பி உட்கார்ந்தான். அந்த முதுகுக்கு அங்கால் டாக்டரம்மாவும் தெரியவில்லை, ஜன்னலும் தெரியவில்லை.

"ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு நோகவே இல்லை," என்றான் ஜெர்மனில்.

நான் வாயைத் திறந்தேன். ஆயிரம் பேரை மடக்கின வாய்.

"திரும்ப விளையாடுவானோ?" என்று மட்டும் கேட்டேன்.

"நடப்பார்," என்றார் டாக்டரம்மா. அதற்கு மேலே அவரிடம் கேட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. என் முழங்காலை எடுங்கோ என்று சொல்லலாம். அது அந்த உடம்புக்குக் கதவுப் பிணைச்சலுக்கும் காணாது.

வீக்கம் வற்ற மூன்று கிழமை, பிறகு ஒப்பரேசனுக்கு டெர்மின் என்று நாள் குறித்துத் தந்தார்கள். காரில் அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரும்போது அணி முகாமையாளரின் செய்தி வந்தது. வினோஜன் உரத்து வாசித்தான்: விரைவில் குணமடைய வாழ்த்துகள், ஒப்பந்தத்தைப் பிறகு பார்ப்போம். 'பிறகு பார்ப்பம்' என்று நான் எத்தனை பேரைக் கடை வாசலோடு அனுப்பியிருக்கிறேன்!

எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு படிக்கும் முதலில் நல்ல கால், பிறகு ஊன்றுகோல் இரண்டும், பிறகு மற்றது. மேலேயிருந்து என் மனைவி ரஞ்சினி, "கவனம், கவனம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவனுக்குக் கீழே இரண்டு கைகளையும் விரித்தபடி ஏறினேன்.

"அப்பா, பின்னால நிக்காதேங்கோ. நான் விழுந்தா நீங்கள் சம்பல்தான்."

"நீ ஏறு."

இரண்டாம் மாடி தாண்டியபோது ஊன்றுகோல் ஒன்று வழுக்கியது. அந்த முதுகு அப்படியே என் உள்ளங்கைகளில் வந்து சாய்ந்தது. ஈரமாக இருந்தது. அவன் அழுகிறானா, மூச்சு வாங்குகிறானா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

அப்போது படிக்கட்டு விளக்கு, தன்னுடைய நேரம் முடிந்து, தானாக அணைந்தது. சுவிட்ச் நான்கு படி கீழே. கையை எடுக்க ஏலாது.