தனியாகச் செய்த வேலை

பார்வையிழப்பைத் தடுக்கவென்றே ஏழெட்டு நாடுகளில் கிளை பரப்பியிருந்த அந்தத் தொண்டு நிறுவனத்தில், பார்வையில்லாத ஊழியர் ஒருவர்கூட இல்லை என்பதைத் தலைமையகம் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் அடித்துப் பிடித்து ஒருவரை எடுத்தார்கள். ஓயாமல் பேசுவதால் அவருக்கு வீட்டிலேயே ரேடியோ என்றுதான் பெயர். நிறுவனத்தின் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணில் அறுவைசிகிச்சை செய்துகொண்டு மறு கண்ணுக்கு வராமல் டிமிக்கி கொடுப்பவர்களைப் போனில் பிடித்து வரவழைப்பது வேலை. அவருக்கென்றே செய்துவைத்த வேலை.

வினை, பயிற்சி வகுப்பாக வந்தது. பார்வையில்லாத சக ஊழியருக்கு உறுதுணையாக இருப்பது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு நடத்தி, எல்லோருக்கும் சான்றிதழ் வேறு கொடுத்துத் தொலைத்தார்கள். அதன்பிறகு ரேடியோ எழுந்தால் போதும், ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வார்கள். கழிப்பறைக்குக் கிளம்பியவரை ஓட்டுநர் கேன்டீனில் கொண்டுபோய் உட்காரவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்தார். போனைத் தொட்டால் ஸ்டோர் அக்கா பிடுங்கிக்கொள்வார்.

"நீ ஏன் தம்பி கஷ்டப்படறே? நான் பேசிடறேன்."

பேசவும் மாட்டார். அவருக்கு ஸ்டோர் வேலையே தலைக்கு மேல் கிடந்தது.

மூன்று மாதச் சோதனைக் காலம் முடியும் நாளில் மேலாளர் ரேடியோவைக் கூப்பிட்டார்.

"படிவத்துல 'தனியாகச் செய்த வேலை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதறது?"

"உதவி வாங்கினேன்னு எழுதுங்க சார். அதைத்தான் ஒழுங்கா செஞ்சேன்."

"விளையாடாதீங்க. அஞ்சு மணிக்கு அனுப்பணும். காலியா போச்சுன்னா வேலை போயிடும்."

 வேலை நிரந்தரம் என்று ரேடியோ மனைவியிடம் முதல் நாளே அளந்துவிட்டிருந்தார், பாவி மனிதர். மேலாளர் டீக்குப் போன நேரம் பார்த்து அவர் அறையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கைபேசி நோயாளிகளின் பெயர்களைக் காதில் வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எட்டுப் பேர் பேச்சை முடிக்கும் முன்பே வைத்துவிட்டார்கள். ஒன்பதாவதாகக் காய்கறி விற்கும் அம்மாள் ஒருவர் எடுத்தார்.

அதற்குள் கதவு தடதடவென்று அதிர்ந்தது. "மாட்டிக்கிட்டீங்களா சார்? பயப்படாதீங்க, உடைச்சிடறோம்," என்றார் ஓட்டுநர். அவர் குரலில்தான் பயம் இருந்தது.

"ஒரு கண்ணே போதும்ப்பா," என்றார் போனில் காய்கறிக்கார அம்மாள். "கண்ணைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ரெண்டும் கிடையாதுக்கா. கண்ணோட அருமையை என்கிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேப்பீங்க?"

அம்மாள் தராசைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. 

"பயமா இருக்குப்பா," என்றார் அம்மாள். "போன தடவை ஆளாளுக்கு என்னை இழுத்துட்டுப் போனாங்க. எங்க போறோம்னு ஒருத்தரும் சொல்லல."

"தெரியும்க்கா. நல்லாவே தெரியும்."

"நாளைக்கு வந்தா நீ ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பியா? என்னைக் கூட்டிட்டுப் போவியா?"

மூன்று மாதத்தில் ரேடியோவிடம் ஒருவர் உதவி கேட்டது இதுதான் முதல் தடவை. 

"எட்டு மணிக்கே நிப்பேன்க்கா."

தாழ்ப்பாளை நீக்கினார். வாசலில் மேலாளரோடு மொத்த அலுவலகமும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"சார், கட்டத்துல எழுதிக்குங்க," என்றார் ரேடியோ. "ஒரு அக்கா நாளைக்கு ஆபரேஷனுக்கு வராங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."