தடை ஏதும் உண்டா

எங்கள் சபையில் ஒரு கல்யாணம் என்றால், முன்னதாக மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், கண்ணுகளா. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் அறிவித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த ஒரு மூச்சில் யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மனைவி இறந்து பதினொரு மாதம்தான். இறந்தவளின் அம்மா எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவள். முதல் இரண்டு ஞாயிறும் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து, மருமகன் பேரோடு வேறொருத்தி பேர் வாசிக்கப்படுவதைக் கேட்டாள். வாய் திறக்கவில்லை. திறந்தால் அவன் கதை மட்டுமா வரும்? அவள் கதையும் சேர்ந்தே வருமே.

போன வருஷம் ஒரு மத்தியானம், கிழிந்த சட்டைக் கையோடு மகள் வந்து நின்றிருந்தாள். "அம்மா, நான் இனிமே அங்க போகல." இவள் என்ன செய்தாள் தெரியுமா? கிழிசலைத் தைத்தாள். தண்ணீர் தெளித்து, கசங்கல் தெரியாமல் சட்டையைத் தேய்த்தாள். தேய்த்தபடியே, "புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு வேதத்துலயே இருக்குடி. தேவன் சேர்த்து வச்சதை நாம பிரிக்கலாமா?" என்றாள். சட்டையின் சூடு ஆறுவதற்குள் போடச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

நாற்பது நாள் கழித்து, மகள் மாடிப்படியில் விழுந்து செத்துவிட்டாள் என்று ஆள் வந்தது. லிஃப்ட் இருக்கிற கட்டடம். லிஃப்ட்காரர் மனைவி படியில் விழுந்தாளாம்.

அதற்கப்புறம்தான் அவள் வேதத்தில் அந்தக் கீழ்ப்படிதல் பக்கத்தை முழுசாகப் படித்தாள். கிறிஸ்து சபைக்காகத் தன்னையே கொடுத்தது போலப் புருஷன் மனைவியை நேசிக்க வேண்டும் என்று கீழேயே இருந்தது. "இதை யாருமே அவனுக்குப் படிச்சுக் காட்டலையேக்கா" என்றாள் என்னிடம். நானும்தான் காட்டவில்லை.

மூன்றாம் ஞாயிறு, போதகர் நிறுத்திய அந்த மூச்சில் எழுந்துவிட்டாள்.

"இவன் என் பொண்ணை அடிச்சான், ஐயா. அடி வாங்கிட்டு வந்தவளை நான்தான் திருப்பி அனுப்பினேன். போய்ச் செத்தா."

மாப்பிள்ளை பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"உங்க துக்கம் புரியுதும்மா" என்றார் போதகர். "ஆனா இங்க கேக்குற தடை வேற. முதல் மனைவி உயிரோட இருந்தாத்தான் தடை. மரணம் அந்தக் கட்டை அவிழ்த்துடுது."

"அப்போ அவ பிழைச்சிருந்தா தடை. செத்ததால தடையில்ல. அப்படித்தானே?"

"உக்காருங்கம்மா."

"மருமகன் நல்லா இருந்தா மாமியாருக்குக் கண்ணு உறுத்தாதா என்ன?" என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மணப்பெண்ணும் அவள் அம்மாவும் வெள்ளைக் கவுனைத் தூக்கிக்கொண்டு இஸ்திரிக் கடைக்கே வந்தார்கள். பக்கத்தில் வேறு கடை கிடையாது.

"ஞாயித்துக்கெழம நடந்ததை மனசுல வச்சுக்காதீங்கக்கா. கொஞ்சம் சீக்கிரம் போட்டுக் குடுங்க."

மணப்பெண் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், சிக்கனமாகப் பேசுவாள். "ஆன்ட்டி, நீங்க திரும்பிப் போகச் சொன்னப்போ உங்க மக என்ன சொன்னாங்க?"

"'சரிம்மா'ன்னா."

"போதும் வாடி" என்றாள் பெண்ணின் அம்மா. "பத்திரிகை குடுத்தாச்சு, மண்டபம் பேசியாச்சு. அவரும் திருந்திட்டாரு. நீ அனுசரிச்சுப் போனா எல்லாம் சரியாயிடும்."

பெண் தன் அம்மா பக்கம் திரும்பினாள்.

"சரிம்மா" என்றாள்.

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மேஜை மேல் விரித்த கவுனை மடித்து அந்தப் பெண் கையிலேயே கொடுத்தாள். "இதை நான் தேய்க்க மாட்டேன், கண்ணு. ஆனா நீ எப்ப வந்தாலும் என் கதவு திறந்திருக்கும்."

"நல்ல நாளும் அதுவுமா வாயில வர்றதைப் பாரு!" என்று பெண்ணின் அம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் கல்யாணத்தில் போதகர் வேதத்தில் அதே பக்கத்தைத் திறந்தார். மனைவி கீழ்ப்படியணும் என்கிற மேல்பாதியை மட்டும் வாசித்தார், மூடினார். மாப்பிள்ளை தலையசைத்துக் கேட்டார். பெஞ்சுகளில் எல்லோரும் கவுனைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள்: இவ்வளவு கசங்கலா, கல்யாணப் பெண்ணுக்குத் தேய்த்துக் கொடுக்கக்கூட ஓர் ஆள் இல்லையா?