காற்றுக்கும் கூலி

கூரியர் கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்தார். முக்கால் கிலோகூட வரவில்லை. சஃபியா நிம்மதியாகப் பர்ஸைத் திறந்தாள். அதற்குள் அவர் பெட்டியைக் கீழே இறக்கி, இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து, நீளம் அகலம் உயரம் என்று அளக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற தையற்காரருக்குக்கூட அத்தனை கவனம் இருக்காது.

"ஏனுங்க, அதான் எடை போட்டாச்சே?"

"எடை கம்மிதானுங்கக்கா. பெட்டி பெருசுங்க. அளவுக்குக் கணக்குப் போட்டா மூணு கிலோவுக்கு வருது. ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் சார்ஜு. ரேட்டும் இந்த மாசத்துல இருந்து ஏத்திப்போட்டாங்க."

"உள்ள இருக்கறது வெறும் தகர டப்பாங்க. டப்பாக்குள்ள காத்து. அது நசுங்கக் கூடாதுன்னு சுத்திலும் பேப்பரக் கசக்கி வெச்சிருக்கேன். அதுலயும் காத்துதான்."

"காத்துக்கும் வண்டியில எடம் வேணுமல்லங்க?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் சஃபியாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. டப்பாவை விற்ற விலையில் பாதிக்கு மேல் கூலிக்கே போய்விடும். வாங்கிய காசு, பெட்டி, டேப், ஆட்டோ எல்லாம் போக அவள் கையில் நிற்பது ஒரு டீக்குக் காணாது. பெட்டியைத் திரும்ப வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு கோட்டைமேட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள்.

அவள் கணவர் அக்பர் அலிக்குக் கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடை. மூடிய மளிகைக் கடைகளிலிருந்தும் இடிக்கிற வீடுகளிலிருந்தும் வருகிற சாமான்களில் பழைய தகர டப்பாக்கள் கிடக்கும். பிஸ்கட் டப்பா, டீத்தூள் டப்பா, முகப்பவுடர் டப்பா. மூடியில் மயிலும் யானையும் ரோஜாப்பூவும் அச்சடித்தவை. அழகாக இருக்கிறதே என்று சஃபியா ஒன்றைத் துடைத்து, படம் எடுத்து, பழம்பொருள் சேகரிப்பவர்களின் குழுவில் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் ஒருவர் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு கடையின் பின்பக்கம் ஒரு தட்டு முழுக்க அவள் டப்பாக்கள்தான். மூன்று வருஷமாக நல்ல வியாபாரம். மகள் ரம்ஷாவின் காலேஜ் பஸ் பீஸ் முழுவதும் அதிலிருந்துதான் போனது.

அப்போதெல்லாம் 'டெலிவரி இலவசம்' என்று போடுவாள். கூலியை விலையிலேயே சேர்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கூலி ஏற ஏற அந்த வித்தை செல்லவில்லை. விலையைக் கூட்டினால் வாங்க ஆளில்லை. கூலியைத் தனியாகச் சொன்னால் சண்டைக்கு வந்தார்கள். 'டப்பாவே அவ்வளவு இல்லையே மேடம்' என்றார் ஒருவர். 'நீங்க லாபம் வைக்கறீங்க' என்றார் இன்னொருவர். தபால் ஆபீசுக்குப் போனாள். அங்கே கொஞ்சம் குறைவுதான் என்றாலும் அங்கும் ஏறித்தான் இருந்தது. பெட்டியைச் சின்னதாக்கிப் பார்த்தாள். பேப்பர் சுற்ற இடமில்லாமல் டப்பா ஒரு மூலை நசுங்கிச் சப்பிப்போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் முழுப்பணத்தையும் திருப்பிக் கேட்டதோடு, சப்பிய மூலையைச் சிவப்பு வட்டம் போட்டுக் குழுவிலும் போட்டுவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிலில் போட்டாள்.

"இனி ஒரு டப்பாகூட அனுப்பறதா இல்லீங்க. அந்தத் தட்டுல இருக்கறதெல்லாம் தூக்கி எடைக்குப் போட்டறலாம்."

"சரி" என்றார் அக்பர் அலி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்தப் பெட்டிக்காரருக்குப் பணத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் இன்னொரு ஆர்டர் பாக்கி இருந்தது. உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் பாலுசாமி, முன்பணமாகவே கொடுத்து ஐந்து டப்பா எடுத்திருந்தார். எல்லாமே பெரியவை. அவளுடைய பழைய வாடிக்கைக்காரர். கூலியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் காது கேட்காது. "அது நீங்க பாத்துப் போட்டுக்கங்க அம்மணி" என்று சிரித்தபடி போனை வைத்துவிடுவார்.

ஐந்து பெட்டிக்கும் கூலியை யோசித்துப் பார்த்தபோதுதான் சஃபியாவுக்கு அந்த எண்ணம் வந்தது. உக்கடத்திலிருந்து உடுமலைக்குப் பஸ் இருக்கிறது. போய்வர டிக்கெட் போட்டாலும் கூரியரில் பாதிகூட ஆகாது. நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் என்ன? கோபத்தில் பேசியதை உடனே மாற்றுவானேன் என்று அக்பர் அலியிடம் சொல்லவில்லை. பாலுசாமியிடமும் வருகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால், இவ்வளவு தூரம் இறங்கி வருகிறாளே என்று இன்னும் விலை பேசுவார்.

காலையில் பெரிய கட்டைப்பை இரண்டில் ஐந்து டப்பாவையும் வேட்டித்துணியில் சுற்றி அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் பைகளை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தார்.

"உடுமலை ஒண்ணுங்க."

"பை ரெண்டும் உங்களுதுங்களா? ஒரு சீட்டு அடைச்சிருக்குதுங்களே. லக்கேஜ் போடோணுமுங்க."

"லக்கேஜா? தூக்கிப் பாருங்க. ஒரு கொழந்த எடைகூட இருக்காது."

"எடை இல்லீங்க. எடம்."

சஃபியா அவரையே பார்த்தாள். கூரியர்காரரின் தம்பியாக இருப்பாரோ என்றுகூடத் தோன்றியது. பைகளை மடியில் வைத்துப் பார்த்தாள். முகமே மறைந்துபோனது, முன்சீட்டுப் பெரியவர் திரும்பி முறைத்தார். கடைசியில் லக்கேஜ் போட்டாள். பொள்ளாச்சி தாண்டும்வரை அந்த லக்கேஜ் டிக்கெட்டை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உடுமலையில் விசாரித்து மண்டியைக் கண்டுபிடித்தாள். முன்னால் மலைபோல் தேங்காய் குவிந்து கிடந்தது. கல்லாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாலுசாமி அண்ணன் இருக்காருங்களா?"

"அவரு காலையில லோடு வண்டியோட கோயமுத்தூர் போயிட்டாருங்களே. நான் அவரோட ஊட்டுக்காரிதான், சாந்தாமணி. நீங்க எங்கிருந்துங்க வாரீங்க?"

"கோயமுத்தூர்தானுங்க" என்றாள் சஃபியா. "டப்பா கொண்டாந்திருக்கேன்."

சாந்தாமணியின் முகம் மாறியது. எழுந்து வந்து பையின் துணியை விலக்கிப் பார்த்தார்.

"இன்னும் டப்பாவா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, நீங்கதானா அது? என்ற ஊட்டுல வந்து பாருங்க. பீரோ மேல டப்பா, கட்டிலுக்கு அடியில டப்பா, சாமி ரூம்ல டப்பா. அரிசி போட்டு வைக்கலாமுன்னா, தொடக்கூடாதாமா. கூலி ஏறிப்போச்சு, இனி வாங்க மாட்டேன்னு போன மாசந்தான் சொன்னாரு. மாரியம்மனுக்குத் தேங்கா ஒடச்சேனுங்க. நீங்க என்னடான்னா நேர்லயே தூக்கிட்டு வந்து நிக்கறீங்க!"

சஃபியாவுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது சிரிப்பு. அதற்குள் போன் அடித்தது. அக்பர் அலி.

"சஃபியா, உன்ற உடுமலைக்காரர் கடைக்கே வந்துட்டாரு. பார்சல்ல இருந்த அட்ரஸப் பாத்து வந்தேங்கறாரு. நல்ல மனுசன். பின்னால தட்டக் காட்டினேன், எல்லாத்தையும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாரு."

"எல்லாமா? என்ன வெலைக்குங்க?"

"எடைக்குத்தான். தகர ரேட்டுக்கு மேல கிலோவுக்குப் பத்து ரூவா சேத்தே தர்றாரு. வண்டியில ஏத்திட்டிருக்காங்க."

சஃபியா அங்கிருந்த தேங்காய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தட்டில் மயில் மூடி போட்ட டப்பா இருந்தது. அந்த ஒன்றுக்கே சென்னைக்காரர் ஒருவர் இரண்டாயிரம் வரை கேட்டிருந்தார்.

"யாருங்க உங்கள எடைக்குப் போடச் சொன்னது?"

"நீதான சொன்ன? எடைக்குப் போட்டறலாமுன்னு."

"அது கோவத்துல சொன்னதுங்க! கோவத்துல சொல்றதையெல்லாமா செய்யறது? இத்தன வருசத்துல நான் சொன்னது வேற எதையாவது ஒடனே செஞ்சிருக்கீங்களா?"

"ஓ..." என்றார் அக்பர் அலி. இப்போதுதான் அவருக்கு விஷயம் புரிகிறது போல. சாந்தாமணி என்ன என்று கையால் கேட்டார். பஸ்ஸில் லக்கேஜ் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சஃபியா சொன்னாள். கூலி பேசினால் காது கேட்காத மனிதருக்கு, விவரமில்லாத ஆளிடம் எடை பேச மட்டும் தெரிந்திருக்கிறதே என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பாலுசாமிக்கு அந்த டப்பாக்களின் விலை தெரியும். அவளைவிட நன்றாகவே தெரியும்.

சாந்தாமணி சஃபியாவின் கையிலிருந்த போனை வாங்கி, "அண்ணா, போன என்ற ஊட்டுக்காரர்கிட்டக் குடுங்க" என்றார். ஸ்பீக்கரில் போட்டுக் கல்லா மேல் வைத்தார்.

"அலோ" என்றார் பாலுசாமி. வண்டிச் சத்தத்துக்கு நடுவே உற்சாகமான குரல்.

"நான்தானுங்க."

"சாந்தாமணியா? நீ எப்படி இந்த நம்பர்ல?"

"அந்த அம்மணி நம்ம மண்டியில உக்காந்திருக்குது. பஸ்ஸுல வந்து, லக்கேஜும் குடுத்து, உங்க டப்பாவ மடியில வெச்சுக் கொண்டாந்திருக்குது. நீங்க அங்க போய் அவங்க சரக்க எடைக்கு அள்ளறீங்க. வெலை தெரியாமயா அள்ளுனீங்க?"

யாரோ தகரத்தைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

"அந்த அண்ணன்தாங் குடுத்தாரு..." என்று இழுத்தார்.

"குடுத்தா? நாளைக்கு நம்ம ஆளு வெவரமில்லாம காயி வெலைக்குக் கொப்பரையக் குடுத்துப்போட்டா நீங்க சும்மா இருப்பீங்களா? ஒண்ணு, சரியான வெலை குடுத்து எடுங்க. இல்ல, அத்தனையும் எறக்கி வெச்சுப்போட்டு வாங்க. வெலை குடுத்து எடுத்தீங்கன்னா டப்பாவோட நீங்களும் மண்டியிலேயே படுத்துக்கங்க. ஊட்டுல எடமில்ல."

கொஞ்ச நேரம் கழித்து அக்பர் அலியின் குரல் தாழ்வாக வந்தது. "எறக்கிட்டாங்க. எல்லாத்தையும் தட்டுலயே வெச்சாச்சு." பிறகு, "மயிலு டப்பாவ மட்டும் கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருந்தாரு. அப்பறம் வெச்சுட்டாரு" என்றார்.

சஃபியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாந்தாமணி ஒரு இளநீரை வெட்டச் சொல்லி அவள் கையில் கொடுத்தார். வீடு பின்பக்கம்தான், சாப்பிடாமல் போகக்கூடாது என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். கொள்ளுப் பருப்பும் ரசமும் இருந்தன. அவர் சொன்னதில் ஒரு சொல் மிகையில்லை. சஃபியா அனுப்பிய டப்பாக்கள் அத்தனையும் அந்த வீட்டில் இருந்தன. ஒவ்வொன்றையும் அவள் எப்படிப் பேப்பர் சுற்றி, எத்தனை டேப் ஒட்டி அனுப்பினாள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. பீரோ மேல் அவை பளபளவென்று துடைத்து அடுக்கியிருந்தன. அதைப் பார்த்ததும் பாலுசாமியின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை.

சாப்பிடும்போது கூரியர் கதையையெல்லாம் சொன்னாள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மட்டும் அவளுக்கு இருபது பேருக்கு மேல் வாடிக்கை இருந்தது. கூலியால் பாதிப்பேர் போய்விட்டார்கள் என்றாள்.

சாந்தாமணி ரசத்தை ஊற்றியபடி யோசித்தார். "நம்ம வண்டி தேங்கா ஏத்திக்கிட்டு வாரத்துல ரெண்டு தரம் உக்கடத்துக்குத்தான வருது. திரும்பறப்போ காலியாத்தானுங்க வருது. அதுல போட்டு உடுங்க. இந்தப் பக்கத்து ஆளுக மண்டியில வந்து வாங்கிக்கட்டும். கூலி ஒண்ணும் வேண்டாம், டிரைவருக்கு டீக்காசு குடுங்க போதும்."

சஃபியா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே ஒரு கண்டிசன்" என்றார் சாந்தாமணி. "என்ற ஊட்டுக்காரருக்கு மட்டும் விக்கக்கூடாது."

"அவருதானுங்க என்ற பெரிய கஸ்டமரே."

"அதுக்குத்தானுங்க சொல்றேன்."

கடைசியில், அன்று கொண்டுவந்த ஐந்தும் பணம் வாங்கியது என்பதால் இருந்துகொள்ளட்டும், இனிமேல் வருஷத்துக்கு ஒன்று, அதுவும் தீபாவளிக்கு என்று பேசி முடிந்தது.

அதன்படியே நடந்தது. வண்டி திரும்பும் நாட்களில் சஃபியா டப்பாக்களை எடுத்துப் போய் ஏற்றிவிடுவாள். பெட்டி வேண்டாம், பழைய சாக்கும் வைக்கோலும் போதும். பொள்ளாச்சிக்காரர்கள் இரண்டு பேர் திரும்ப வந்தார்கள். மண்டியில் பாலுசாமிதான் ஒவ்வொரு டப்பாவையும் பிரித்து, பார்த்து, வாங்க வருகிறவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் மாதம் அவர் சஃபியாவுடன் பேசவே இல்லை. இரண்டாம் மாதம் ஒரு நாள் தானாகவே போன் செய்து, யானை டப்பாவில் துரு ஏறியிருக்கிறது, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் படம் போய்விடும், தேங்காய் எண்ணெய் போடுங்கள் என்றார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. இதுதான் அவர் கேட்கிற விதம் என்று சஃபியா எடுத்துக்கொண்டாள்.

மற்ற ஊர்க்காரர்கள் விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை. கூலி தனி என்று கொட்டை எழுத்தில் போட்டாள். சென்னைக்காரர் மயில் டப்பாவுக்குக் கூலியோடு கொடுத்து வாங்கிக்கொண்டார். பெரிய விலைக்கு வாங்குகிறவர்களுக்குக் கூலி உறைக்கவில்லை. சின்ன டப்பா வாங்குகிறவர்கள்தான் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ரம்ஷாவின் பஸ் பீஸில் பாதி இப்போது இரும்புக் கடையிலிருந்து போகிறது.

போன வாரம் கொடுமுடியிலிருந்து ஒருவர் ஒரு பவுடர் டப்பாவுக்குக் கேட்டு எழுதினார். கூலி எவ்வளவு என்று சொன்னாள். உடனே பதில் வந்தது.

'உடுமலைக்கு லாரியில அனுப்பறீங்களாம். கொடுமுடிக்கும் அனுப்புங்க.'

'அந்த லாரி கொடுமுடிக்கு வராதுங்க.'

'ஏன்?'

'தேங்காய் ஏத்தற வண்டிங்க. கோயமுத்தூர் வந்துட்டு உடுமலைக்குத் திரும்பிப் போயிரும்.'

ரொம்ப நேரம் அவர் ஏதோ டைப் செய்துகொண்டே இருந்தார். சஃபியா காத்திருந்தாள்.

'அப்ப டெலிவரி ஃப்ரீயா போட்டுக் குடுத்துருங்க மேடம்.'

சஃபியா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.